விஜயதசமியன்று விழுந்த விமானம்

எங்கள் வீட்டில் முதல் விமானம் விழுந்தது ஒரு விஜயதசமி நாள் காலையில், பசியாறி முடித்த கொஞ்ச நேரத்தில். விழுந்த இடம் கடல். எந்த நாட்டுக் கடல் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பச்சைக் கோடுகளால் வரைந்த கடல். விமானி என் சித்தப்பா. புது வேட்டி கட்டிக்கொண்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

விபத்துக்கு யார் காரணம் என்று அப்போதே, அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லப்பட்டது. தீர்ப்பு தப்பு என்பது தீபாவளிக்கு முந்திய வாரம் தெரியவந்தது. இரண்டுக்கும் நடுவில் வீட்டில் எதுவும் நடந்ததாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டுவிட்டுப் புக்கிட் பெலிம்பிங்கில் பலகை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அப்பாவின் தம்பியான சித்தப்பா, ரவாங் பக்கத்தில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வார நாட்களில் சுங்கை சோவில் நண்பர்களோடு வாடகை அறையில் இருப்பார். சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் பத்தாங் பெர்ஜுந்தை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அழுக்குத் துணி மூட்டை முன்னால், செய்தி பின்னால் என்று அப்பா சொல்வார். சித்தப்பா வாசலில் மோட்டாரை நிறுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை அவர் மோட்டாரில் வரவில்லை. யாரோ நண்பரின் வேனில், மூன்று அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். அவருடைய தொழிற்சாலை அலுவலகத்தில் கழித்த பழைய கம்ப்யூட்டர் அது. பச்சை எழுத்துத் திரை, விசைப்பலகை, டிஸ்கெட் போடுவதற்கு இரண்டு வாய் கொண்ட ஒரு கனத்த பெட்டி. டிஸ்கெட் என்பது உள்ளங்கையை விடப் பெரிய, மெல்லிய கறுப்புச் சதுரம். அதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். அதற்குள் பழுப்பு நிறத் தகடு தெரியும். அங்கே மட்டும் விரல் படக் கூடாது என்பது சித்தப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

கம்ப்யூட்டர் வந்தது விளையாட அல்ல. கோல சிலாங்கூர் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியைப் பிடித்துத் தட்டச்சுக் கடை போட வேண்டும் என்பது சித்தப்பாவின் திட்டம். மனுக்கள், சங்கக் கடிதங்கள், பள்ளித் தேர்வுத் தாள்கள் எல்லாம் அங்கே வரும். அவர் தொழிற்சாலை வேலையை விட மாட்டார். கடையில் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சு படித்தவர். தோட்டத்திலிருந்து பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்து, பரீட்சையும் தேறியிருந்தார். தோட்ட அலுவலகத்தில் எடுத்துக்கொள்வதாக அங்கே தலைமைக் குமாஸ்தாவான கிராணி சொல்லியிருந்தாராம். பிறகு அந்த நாற்காலியில் கிராணியின் மைத்துனர் உட்கார்ந்தார். அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது. இந்தக் கதையை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சொல்வார், கொஞ்சம் பெருமையோடு, தன்னால்தான் அம்மாவுக்கு அந்த வேலை தேவைப்படாமல் போனது என்பதுபோல.

படிப்பு விரல்களில் தங்கியிருந்தது. அடுப்பில் சோறு கொதிக்கும்போது மேசை விளிம்பிலும், பஸ்ஸில் போகும்போது மடியில் வைத்த பையின் மேலும் அம்மாவின் விரல்கள் ஓசையில்லாமல் அடித்துக்கொண்டிருக்கும். கண் வேறெங்கோ இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு, “என்னலா இது, உன் விரல்ல எறும்பு ஊறுதா?” என்று கேட்டார். கம்ப்யூட்டர் வந்த வாரத்திலிருந்து விரல்களின் வேகம் கூடியது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

“அண்ணி, சும்மா தொட்டுப் பாருங்க” என்று சித்தப்பா முதல் நாளே சொன்னார். அம்மா தொடவில்லை. நல்ல நாளில் ஆரம்பிக்கலாம் என்றார். விஜயதசமிக்குச் சில வாரங்களே இருந்தன. குழந்தைகளுக்கு முதல் எழுத்து எழுதிக்கொடுக்கும் நாள். சித்தப்பா அதை உடனே பிடித்துக்கொண்டார். “சரி அண்ணி. விஜயதசமிக்கு நீங்க மொத எழுத்து அடிக்கிறீங்க. அடிச்சதும் கடைக்கு எடம் பாக்கக் கெளம்புறோம்.” அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அன்று ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது.

நல்ல நாள் வரும்வரை கம்ப்யூட்டரைச் சும்மா வைத்திருப்பானேன் என்று சித்தப்பா விமானம் ஓட்டினார்.

விமான விளையாட்டு அவரோடு வேலை செய்யும் சீன நண்பர் படியெடுத்துக் கொடுத்தது. விளக்கப் புத்தகம் எதுவும் கூட வரவில்லை. பழைய உலகப்போர் விமானம் ஒன்றில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் வானம், கீழே கடல், திரையின் அடிப்பாதியில் வரிசையாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு முள். வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. தொடக்கத்தில் பயிற்சியா, நிஜப் போரா என்று கேட்கும். சித்தப்பா எப்போதும் பயிற்சியைத்தான் அழுத்துவார். எதிரி விமானங்கள் வரும், சுடும், நம் விமானம் குலுங்கும், ஆனால் ஒன்றும் ஆகாது. சித்தப்பா எத்தனையோ தடவை சுடப்பட்டார். சுடப்பட்டபடியே ஜோராகப் பறந்துகொண்டிருந்தார்.

எனக்கும் ஒரு வேலை உண்டு. எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் கீழே உள்ள முட்களைப் பார்க்க முடியாது. நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து முள் நிலவரம் சொல்ல வேண்டும். வேகமும் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆயில் முள்ளும் சூட்டு முள்ளும் அசைந்து நான் பார்த்ததே இல்லை. ஏன் அசையவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “அது சும்மா அழகுக்கு வரைஞ்சு வச்சிருக்கான் பாப்பா” என்றார்.

இன்னொரு நாள் அம்மா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, இவ்வளவு பெரிய கடலும் வானமும் இந்தப் பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சித்தப்பா டிஸ்கெட்டை வெளியே எடுத்துக் காட்டினார்.

“பெட்டி சும்மா பெட்டிதான் அண்ணி. மூளையெல்லாம் இந்தத் தட்டுல இருக்கு.”

அம்மா அதை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்குச் சித்தப்பா லீவு போட்டு வந்திருந்தார். சாயங்காலம் அம்மா சந்தனத்தைக் குழைத்துத் தட்டில் எடுத்துக்கொள்ள, நான் குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். முதலில் அப்பாவின் லோரி. பிறகு சித்தப்பாவின் மோட்டார். அதன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களைச் சித்தப்பாவே வைத்து, “நல்லா பெருசா வைங்க அண்ணி, போன வருஷம் வச்சது சின்னப் பொட்டு, ரெண்டு தடவை பஞ்சராச்சு” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். நாங்கள் உள்ளே வந்தோம். தையல் மிஷின், அரிவாள்மணை, சுத்தியல், கடைசியாகக் கம்ப்யூட்டர். திரையின் விளிம்பில் ஒரு பொட்டு, விசைப்பலகையின் ஓரத்தில் ஒன்று, பெட்டியின் நெற்றியில் ஒன்று.

சாமி படத்துக்கு முன்னால் என் பள்ளிப் புத்தகங்களை அடுக்கியிருந்தோம். அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு, “அந்தத் தட்டை எடுத்துட்டு வா” என்றார். நான் டிஸ்கெட்டை உறையோடு கொண்டுவந்தேன். உறையிலிருந்து பாதி மட்டும் வெளியே இழுத்தார். மேல்மூலையில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில்தான் சித்தப்பா பெயர் எழுதி வைப்பார். திறப்பு உறைக்குள்ளேயே இருந்தது. “அங்க கை படக்கூடாதுன்னு சித்தப்பா சொல்லிருக்காரு” என்று எனக்குச் சொல்லிவிட்டு, காகிதத்தின் மூலையில் கடுகளவு சந்தனம் வைத்து, அதன்மேல் மோதிரவிரல் நுனியால் குங்குமம் தொட்டார். டிஸ்கெட் என் கணக்குப் புத்தகத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அதன்மேல் ஒரு செம்பருத்தி. கோயிலிலிருந்து வந்த சித்தப்பா எல்லாவற்றையும் சேர்த்து விழுந்து கும்பிட்டார்.

மறுநாள் விஜயதசமி. எனக்கு மத்தியானப் பள்ளி, அதனால் காலையில் வீட்டில் இருந்தேன். அப்பாவும் நல்ல நேரம் பார்த்து லோரி எடுப்பதற்காகக் காத்திருந்தார். அம்மா தலைக்குக் குளித்து, கோயிலுக்கு மட்டும் கட்டும் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தார். மறுபூஜை முடிந்து புத்தகங்களை எடுத்தோம். பக்கத்து வீட்டு அத்தை ஒரு கிண்ணத்தில் சுண்டலோடு வந்து, “இன்னிக்கு எங்க பக்கத்து வீட்டுக்காரி டைப்பிஸ்ட்டு ஆவறாளாமே, பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மா கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றார். சித்தப்பா, “ஒரே ரவுண்டு அண்ணி, இன்னிக்கு நானும் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கணும்ல” என்றார். பயிற்சி போதும், நல்ல நாளும் அதுவுமாக நிஜப் போரில் இறங்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். டிஸ்கெட்டின் மேலிருந்த பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்து வைத்தார். கண் மூடியிருந்ததாலோ என்னவோ பொட்டைப் பார்க்கவில்லை. டிஸ்கெட் உள்ளே போனது. நிஜப் போர் என்று அழுத்தினார். நான் முக்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

விமானம் கிளம்பியது. எதிரில் ஒரு பெரிய குண்டுவீச்சு விமானம் வந்தது. சித்தப்பா அதன் பின்னால் போனார். அதன் வாலிலிருந்து யாரோ சுட்டார்கள். எங்கள் விமானம் ஒருமுறை குலுங்கியது. வழக்கமான குலுக்கல்தான். சித்தப்பா கவலைப்படாமல் துரத்திக்கொண்டே போனார்.

“சித்தப்பா, ஆயில் முள்ளு எறங்குது.”

“அது எறங்காது பாப்பா.”

“எறங்குது. சூட்டு முள்ளு ஏறுது.”

அவர் குனிந்து பார்த்தார். உறுமிக்கொண்டிருந்த சத்தம் விக்கத் தொடங்கியது. “ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துடா” என்று அப்பா பின்னாலிருந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். முன்னால் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. சத்தமே இல்லை. மூக்கு கீழே சாய்ந்தது. கடல் மேலே வந்தது.

திரும்பவும் ஆரம்பித்தார். திரும்பவும் அதே மாதிரி. குலுக்கல், கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாத பறத்தல், முட்கள், விக்கல், கடல். மூன்றாவது தடவையும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு முன் அவர் சுடப்பட்டிருந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. சித்தப்பா சுடப்படுவது எங்களுக்குப் புது விஷயம் இல்லை.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு” என்று சொல்லிக்கொண்டே டிஸ்கெட்டை வெளியே எடுத்தார். அப்போதுதான் பார்த்தார். காகிதத்தின் மூலையில் காய்ந்துபோன மஞ்சள், நடுவில் சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

“அண்ணி, இதுலயா வச்சீங்க?”

“மூளை அதுலதான்னு சொன்னீங்களே தம்பி” என்றார் அம்மா. குரலில் பயம் இல்லை. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற குரல்.

“மூளைன்னா சந்தனம் பூசுவீங்களா? இது என்ன அம்மிக்கல்லா?” சித்தப்பாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. அத்தையின் முன்னால் மூன்று தடவை கடலில் விழுந்த மனிதர் அவர். “காஞ்சு தூளாயி உள்ள போயிருச்சு. முள்ளுகூடத் தப்பாக் காட்டுது பாருங்க. நாம எங்க போனாலும் இந்தத் தோட்டத்துப் புத்தி மட்டும் போகாது.”

அவருடைய மோட்டார் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் அப்போதும் இருந்தன. திறந்த கதவு வழியாக எனக்குத் தெரிந்தது.

நான், “பேப்பர் மேலதான் வச்சாங்க, நான் பாத்தேன்” என்றேன். அத்தை, “பச்சப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்?” என்றார். அம்மா, “இங்க பாருங்க தம்பி, இந்த மூலையில மட்டுந்தான்” என்று காட்டுவதற்காகக் கையை நீட்டினார். பூஜை செய்த கை. விரல் நுனிகளில் சந்தனம் ஈரமாக இருந்தது. சித்தப்பா டிஸ்கெட்டைச் சட்டென்று நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்தக் கையால மிஷினைத் தொடாதீங்க அண்ணி.”

அத்தை களுக்கென்று சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா, “கேட்டுட்டு வச்சிருக்கலாமில்ல” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, “விடுடா, நல்ல நாள்ல” என்று சித்தப்பாவிடம் சொன்னார். இருவருக்கும் ஆளுக்கொன்று.

அம்மா நீட்டிய கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். “சரி” என்றார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் கோப்பி வந்தது. சித்தப்பாவிடம், “சீனி போதுமா தம்பி?” என்று கேட்டார். போதும் என்றார். அப்பா நல்ல நேரம் முடிவதற்குள் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லோரியைக் கிளப்பிப் போனார். சித்தப்பா டிஸ்கெட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

முதல் எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது நான்தான் கேட்டேன். எழுத்து அடிக்கச் சந்தனம் வைத்த டிஸ்கெட் வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு வேறு டிஸ்கெட் இருந்தது. அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, “அடுத்த வருஷம் விஜயதசமி வராதா?” என்றார். வரும்தான். நான் சமாதானமாகிவிட்டேன்.

பள்ளி முடிந்து திரும்பி வந்தபோது அம்மா சாதாரணச் சேலையில் இருந்தார். கம்ப்யூட்டரில் பொட்டுகள் இல்லை. ஈரத் துணியால் துடைத்த அடையாளம் மட்டும் தெரிந்தது. தையல் மிஷினில் இருந்த பொட்டும் போயிருந்தது. அது எப்போதும் தானாக உதிரும்வரை அப்படியே இருக்கும். அதை ஏன் துடைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் லோரியில் வைத்தது மழை வந்து கரையும்வரை இருந்தது.

அதன்பிறகு எல்லாம் வழக்கம்போலத்தான். சனிக்கிழமைகளில் சித்தப்பா வந்தார். அம்மா அவருடைய துணிகளைத் துவைத்தார். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார். அவர் சொல்லும் தொழிற்சாலைக் கதைகளுக்குச் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார். கோபமாக இருப்பவர்கள் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பார்கள், பேச மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா அப்படி எதுவும் செய்யவில்லை. கம்ப்யூட்டர் இருந்த மூலையைப் பெருக்கும்போது மட்டும் துடைப்பத்தின் நுனியை மேசைக்கடியில் எட்டாத தூரத்திலேயே திருப்பிக்கொள்வார். அங்கே தூசி சேர்ந்தது. வீட்டில் தூசி சேர்ந்த ஒரே இடம் அதுதான்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை சித்தப்பா மோட்டாரை நிறுத்துவதற்கு முன்பே கத்திக்கொண்டு வந்தார்.

“பாப்பா! டிஸ்கெட்ல ஒண்ணும் இல்ல!”

நடந்தது இதுதான். கெட்டுப்போன டிஸ்கெட்டுக்குப் பதில் வேறு படியெடுக்கச் சீன நண்பரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். நண்பர் தன்னுடைய டிஸ்கெட்டையே போட்டு ஓட்டிக் காட்டியிருக்கிறார். அதிலும் குலுக்கல், முட்கள், விக்கல். சித்தப்பா, “உன்னுடையதும் கெட்டுப்போச்சா?” என்று கேட்க, நண்பர் மேசையில் தட்டிச் சிரித்தாராம். நிஜப் போர் என்றால் இன்ஜினும் நிஜமாகத்தான் அடிபடும், அதைத்தான் இந்த விளையாட்டை எழுதியவன் அவ்வளவு சிரமப்பட்டுச் செய்திருக்கிறான், நீ போய் அதைப் பழுது என்கிறாயே என்றாராம்.

சித்தப்பாவுக்கு வெட்கம் இல்லை. ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவரைப்போல இருந்தார். சட்டையைக் கூட மாற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டார். அதே டிஸ்கெட்தான். மூலையில் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. அப்பா வந்து நின்றார். நான் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தார். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான். பக்கத்து வீட்டு அத்தை இல்லை. தீர்ப்புக்கு வந்த கூட்டம் விடுதலைக்கு வரவில்லை.

“பாருங்கண்ணே, இப்ப சுடப்போறான்” என்றார் சித்தப்பா. சுட்டான். விமானம் குலுங்கியது. “அவ்வளவுதான். குண்டு பட்டாச்சு. ஆனா பாத்தா ஏதாவது தெரியுதா? தெரியாது. பறந்துக்கிட்டேதான் இருக்கும். ஓட்டுறவனுக்கே தெரியாது, எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்குவான். உள்ள ஆயில் கொஞ்சம் கொஞ்சமா ஒழுகும். சூடு ஏறும். அப்பவும் முழு வேகத்துல போனோம்னு வைங்க, இன்ஜின் இறுகி நின்னுடும். பாப்பா, முள்ளு?”

“ஆயில் எறங்குது. சூடு ஏறுது.”

“வேகத்தைக் குறைக்கிறேன் பாருங்க. இப்ப?”

“நின்னுடுச்சு. நடுவுல நிக்கிது.”

“அதான். முள்ளைப் பாத்துக்கிட்டே மெதுவாக் கொண்டாந்தா எறக்கிடலாம்.”

இறக்கிவிட்டார். கடலுக்கு மேல் தாழப் பறந்து, விக்கிக்கொண்டே கரையைத் தொட்டு, ஓடுபாதையில் தடதடவென்று விழுந்து நின்றது. அப்பா கைதட்டினார். தன்னுடைய ரேடியேட்டர் ஜோக் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்து, “நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்றார். சித்தப்பா என் தோளைப் பிடித்து உலுக்கி, “இவளும் சொன்னா. முள்ளு எறங்குதுன்னு சொன்னா. நான்தான் கேக்கல” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. முள் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சித்தப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அண்ணி, கேட்டீங்களா? உங்க மேல தப்பே இல்ல! சந்தனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்ஜின்லதான் அடி.”

“அப்படியா தம்பி” என்றது அம்மாவின் குரல்.

“வாங்க அண்ணி, வாங்க. வேற டிஸ்கெட்டு போடுறேன். மொத எழுத்தை இன்னிக்கே அடிச்சிடுங்க. நல்ல நாளெல்லாம் பாக்க வேணாம்.”

அவர் உண்மையாகவே கூப்பிட்டார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துக்கூட வைத்தார்.

கடை அடுத்த வருஷம் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் திறந்தது. சித்தப்பாவின் நண்பர் ஒருவரின் தங்கை வந்து உட்கார்ந்தாள். திறப்பு நாளில் பூஜை போட்டது அம்மாதான். கதவுக்கும் மேசைக்கும் பொட்டு வைத்துவிட்டு, சந்தனத் தட்டை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, “மிஷினுக்கு நீ வச்சிடும்மா” என்றார். சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க அம்பாங் பெச்சாவுக்குப் போனபோது முன்னால் போனதும் அம்மாதான். இருவரும் கடைசிவரை அண்ணியும் தம்பியுமாகத்தான் இருந்தார்கள். அந்த விஜயதசமியைப் பற்றி எங்கள் வீட்டில் பேசினால் சித்தப்பா கடலில் விழுந்த கதையாகத்தான் பேசுவார்கள். அம்மாவும் சிரிப்பார்.

மேசை விளிம்பில் அடித்துக்கொண்டிருந்த விரல்கள் எப்போது நின்றன என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. திடீரென்று நிற்கவில்லை. அந்த மழைக்காலத்தில் கொஞ்சம் அடித்தன. பிறகு பஸ்ஸில் போகும்போது மட்டும். நான் இடைநிலைப்பள்ளிக்குப் போன வருஷம் ஒருநாள், அடுப்பில் சோறு கொதிக்க, அம்மா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் சும்மா கிடந்தன. அப்போதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சித்தப்பா நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்பா, “போயேன், கூப்பிடுறான்ல” என்றார். நான் துணித் திரையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஹாலுக்குக் கேட்கும்படி, எப்போதும் பேசும் அதே குரலில் சொன்னார்.

“கை ஈரமா இருக்கு தம்பி. நீங்க வெளையாடுங்க.”

சரி என்று சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விமானம் மறுபடியும் உறுமத் தொடங்கியது. முள் பார்க்க என்னைக் கூப்பிட்டார். நான் உடனே போகவில்லை. அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டுவரை வெள்ளையாக மாவு படிந்திருந்தது. ஊதினால் பறக்கும், அவ்வளவு உலர்ந்த மாவு.

அம்மா ஏன் பொய் சொல்கிறார் என்று யோசித்தேன். சித்தப்பா மறுபடியும் கூப்பிட்டார். முக்காலிக்கு ஓடினேன்.